ஒரு பேஸ் கிட்டாரின் ஆறு விதச் சத்தம்

என் வீட்டுக்காரர் வைத்திருந்த பேஸ் கிட்டாரின் கழுத்து வழவழவென்று கறுப்பாக இருக்கும். கடையில் விற்கிற கிட்டார்களில் கழுத்தின் குறுக்கே வரிசையாகக் கம்பித் துண்டுகள் பதித்திருப்பார்கள். விரலைச் சற்று முன்னே பின்னே வைத்தாலும் சத்தம் அதன் இடத்தில் தானாக வந்து நிற்கும். இவருடையதில் அந்தத் துண்டுகள் இல்லை. இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக்கல் முதலாளியின் மகன் வாங்கி, சலித்துப் போய் மூலையில் போட்டதை இவர் பழசாக வாங்கி வந்தார். துண்டுகள் எல்லாம் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தன. வேலை பார்த்த ரப்பர் ஸ்டோரிலிருந்து குறடு ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பள்ளங்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். மேலே கறுப்புப் பாலிஷ் அடித்துவிட்டார்.

"இனிமே எங்க வேணும்னாலும் நிக்கலாம், எங்க வேணும்னாலும் வழுக்கலாம்" என்றார்.

உருமி மேளத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் ஒரு முனகல் எழும் இல்லையா, அதைப் போல ஒன்று அதில் வந்தது. கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ அசையும். ஆனால் கம்பித் துண்டு இல்லாத கழுத்தில் இது சரியான இடம் என்று காட்ட எதுவும் கிடையாது. வாசிக்கிறவரின் காது ஒன்றுதான் காட்ட வேண்டும்.

இது எண்பதாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முன்பின்னாக நடந்தது. எஹலியகொடவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு. இவருக்கு ஸ்டோரில் கிரேப் மெஷின் வேலை. ரப்பர்ப் பால் உறைந்து வெள்ளைக் கட்டியாக வரும். அதை இரும்பு உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு மெல்லிய துணி மாதிரி எடுக்க வேண்டும். உருளைகள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கையால்தான் பேச முடியும். பதினேழு வருஷம் அதன் பக்கத்தில் நின்றார். ஸ்டோர் ஆள் என்பதால் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லாமல் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த இரட்டை வீடு ஒன்றில் ஒரு பாதி எங்களுக்குக் கிடைத்தது. மறுபாதியில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடுகிற புகைவீட்டுக்காரரும் அவர் பெண்சாதியும். எங்கள் பக்கம் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்டோரிலிருந்து ஒரு கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. அந்த ஒரு வசதிதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு சிங்கள மாஸ்டர் பாட்டு கோஷ்டி வைத்திருந்தார். கல்யாண வீடு, கார்னிவல், சர்ச் பெருநாள் என்று போவார்கள். அந்தக் கோஷ்டியில் இவர் ஒருவர்தான் தமிழர், அதுவும் தோட்டத்து ஆள். ஸ்டோரில் இவரை 'ஏய் கிரேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். கோஷ்டியில் 'மல்லி' என்பார்கள், தம்பி என்று அர்த்தம். உட்கார நாற்காலி தருவார்கள். சாப்பாட்டை அவர்களோடு ஒரே மேசையில் போடுவார்கள். ஞாயிறு காலையில் வீட்டுக்கு வரும்போது இவர் நடையே வேறு மாதிரி இருக்கும். திங்கட்கிழமை வரைக்கும் அந்த நடை நிற்கும்.

காது போக ஆரம்பித்ததை முதலில் நான்தான் கண்டேன். எனக்குச் சின்னக் குரல். பள்ளிக்கூடம் போன அஞ்சு வருஷமும் வாத்தியார் 'வாயைத் திற' என்று சொல்லித்தான் அடித்தார். கூட்டத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இவர் மட்டும் நான் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாலும் வாசலில் இருந்து பதில் சொல்லுவார். அது நின்றுபோனது. குருவிச் சத்தம் போனது, பஸ் ஹார்ன் போனது, பிறகு என் குரல். தடித்த சத்தங்கள் மட்டும் மிஞ்சின. தோட்டத்து டிஸ்பென்சரி டாக்கய்யா காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "மெஷின் சத்தம் காது நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மெஷினை விட்டு விலகினால் இருக்கிறதாவது மிஞ்சும்" என்றார்.

ஒரு கல்யாண வீட்டில் வாசித்துவிட்டு வந்த மறுவாரம் மாஸ்டர் வேன் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். வயதானவர், நல்ல மனுஷன். உடைந்த தமிழில் சத்தமாகச் சொன்னார்.

"மல்லி, கடலோரமா ஒரு ஹோட்டல் வேல வருது. வாராவாரம். நெரந்தரமா ஆள் போடணும். ஒன்ன போடவா வேணாமான்னு நான் பாக்கணும்."

"என்னா மாஸ்டர் பாக்கணும்? நான் வாசிக்கிறத நீங்க பாத்ததில்லயா?"

"பாத்தேன். இப்ப கேக்கணும். நீ வீட்டுல வாசி, டேப்புல புடி. பைலா ஆட்டத்துக்கு ஒரு சத்தம், காதல் பாட்டுக்கு ஒரு சத்தம், சர்ச்சுக்கு ஒரு சத்தம். ஒன் பேஸுல எத்தன சத்தம் இருக்கோ அத்தனயும் போடு. ஒவ்வொரு சத்தத்துலயும் கீழருந்து மேல ஒரு தடவ ஏறு, எறங்கு. அவசரமில்ல. நல்லா கேட்டு, சரி பண்ணிக் கொண்டா."

'நல்லா கேட்டு' என்னும்போது மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி தட்டோடு கதவோரம் நின்றேன். கல்யாண வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது.

மாஸ்டர் தாமே நாலு தந்தியையும் சுருதி கூட்டிக் கொடுத்தார். "முறுக்குற சாவியத் தொடாத" என்று சொல்லி ஒரு கறுப்பு கசெட் ரெக்கார்டரையும் ஒரு கசெட்டையும் வைத்துவிட்டுப் போனார். ரெக்கார்டரில் சிவப்பு விசையையும் பக்கத்து விசையையும் சேர்த்து அமுக்கினால் பதியும். இவருக்கு இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும் என்பதால் அமுக்குகிற வேலை எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மெஷின் நிற்கும். ஆனால் எங்கள் பக்கத்து மழைக்கு ஞாயிறு ஏது? தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் வேறு ஒன்றும் கேட்காது. மழை விடுகிற நேரம் பார்த்துப் பதிய வேண்டும். பெரிய மரப்பெட்டி ரேடியோவின் பின்னால் வயரைக் கொடுத்து, அதன் வழியாகத்தான் கிட்டாரைச் சத்தம் போட வைப்பார். நான் ரெக்கார்டருக்குக் கீழே கம்பளியை மடித்து வைப்பேன். கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடுவேன்.

முதல் ஞாயிறு இரண்டு தந்தி தட்டியதும் மறுபாதி வீட்டுப் பெண் வாசலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, கன்னுக்குட்டி வாங்கியிருக்கீங்களா? ஒரே கத்தலா கத்துதே! தாய விட்டுப் பிரிச்சிட்டீங்களோ?"

இவர் தலையைத் தூக்கினார். "என்னா சொல்லுது அது?"

"நல்லாருக்குன்னு சொல்லுதுங்க" என்றேன் சத்தமாக.

அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்! சரி, போகட்டும். அண்ணன் மொகம் பூத்துப் போச்சு, அந்தப் புண்ணியம் எனக்கு."

ஒரு கிட்டாரில் இத்தனை விதச் சத்தம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கழுத்துப் பக்கமாகக் கட்டைவிரலால் மெதுவாகத் தட்டினால் நெல் நிறைந்த பானையைத் தட்டின மாதிரி அடக்கமாக வந்தது. தந்தி முடிகிற அடிப்பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளினால் மூக்கால் பேசுகிறவர் மாதிரி வந்தது. நகத்தால் என்றால் தகர வாளியில் கல் விழுகிற கணீர். ஸ்டோரிலிருந்து ஒரு கிரேப் துண்டைக் கொண்டுவந்து மடித்துத் தந்திகளுக்கு அடியில் செருகினார். அப்போது சத்தம் உடனே பிறந்து உடனே செத்தது. பைலாவுக்கு அதுதான் என்றார். புகைபோட்ட ரப்பர் ஷீட்டைச் செருகிப் பார்த்தார். அது தடிப்பு, சத்தமே எழவில்லை, எடுத்து எறிந்தார். வழுக்கி வழுக்கிப் போகிற ஒன்று இருந்தது, அது காதல் பாட்டுக்கு. கடைசியாக ஒன்றைச் சர்ச்சுக்கு என்று வைத்தார், நீளமாக, காற்றில் கரைகிற மாதிரி. இந்த வித்தியாசங்களில் இவர் ஒரு நாளும் தவறவில்லை. கிட்டாரின் மேல் நுனியில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். மரத்தின் வழியாகச் சத்தம் எலும்புக்குள் வருகிறது என்பார். "ரெண்டாவது மொதலாவத விடக் கொஞ்சம் வறட்டுனு இருக்குல்ல?" என்று கேட்பார். இருக்கும்.

தவறினது வேறு இடத்தில். தந்தியை அழுத்தாமல் தட்டினால் சுருதி சரியாக இருந்தது. விரலை வைத்து மேலே ஏற ஆரம்பித்தால் மூன்றாவது இடத்தில் கொஞ்சம் இறங்கி நின்றது. ஆறாவதிலும் அப்படியே. ஓர் அரிசி அகலம் விரல் மேலே போக வேண்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பஜனை மடத்தில் சின்ன வயதிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்மோனியத்தோடு பாடியிருக்கிறேன். இருட்டில் படி ஏறும்போது ஒரு படி உயரம் குறைந்திருந்தால் கால் சொல்லும் இல்லையா, அப்படித் தெரிந்தது. காது கெட்ட பிறகு இவருக்குள்ளே சுருதி தனியாக ஒரு பாதை போட்டுக்கொண்டது போலிருக்கிறது. தன் காதுக்குச் சரியாக இருக்கிற இடத்தில்தான் இவர் நின்றார்.

மூன்றாவது இடம் வந்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "கொஞ்சம் மேல போகணுங்க."

இவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு, என் உதடு அசைந்ததைப் பார்த்திருப்பார் போல, "என்னா?" என்றார்.

சொல்லியிருக்கலாம். தொண்டையைத் திறந்து சத்தமாக, இறங்கி நிற்குது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீடுகளில் புருஷன் செய்கிற வேலையில் பெண்சாதி குற்றம் சொல்ல மாட்டாள். உப்புக் குறைந்தால் அவர்கள் சொல்லலாம், நாங்கள் சொல்ல மாட்டோம். அது பெரிய காரணம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

"ஒன்னுமில்லீங்க. சத்தம் நல்லாருக்கு" என்று உரக்கச் சொன்னேன்.

சத்தம் நல்லாத்தான் இருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

பதிந்ததைத் திருப்பிப் போட்டார். ரெக்கார்டரின் மேல் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். பானைச் சத்தம் ஏறியது. மூன்றாவது இடத்தில், கொசு மாதிரி ஒரு குரல், 'கொஞ்சம் மேல போகணுங்க' என்றது. என் குரலை நான் முதல் தடவையாக வெளியே இருந்து கேட்டேன். இவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேஸ் கேட்டது இவருக்கு. என் குரல் கேட்கவில்லை.

அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அதைவிட மோசம், அடுத்த ஞாயிறு இரண்டாவது சத்தம் பதிகிறபோது மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன். இவரிடம் சொல்ல முடியாததை அந்த மெஷினிடம் சொன்னேன். சொன்னால் நெஞ்சு லேசாக இருந்தது. இவர் "எப்படி?" என்று கேட்டதும் மறுபடி "நல்லாருக்குங்க."

ஒரு தடவை வேறு மாதிரி முயன்று பார்த்தேன். இவர் வேலைக்குப் போன நேரம் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தேன். ரேடியோவோடு வயரைப் பூட்டாமல் தட்டினால் மெல்லிய சத்தம் வரும், எனக்கு அது போதும். பஜனைப் பாட்டு ஒன்றை வாய்க்குள் பாடிக்கொண்டே விரலை நகர்த்தினேன். சரியான இடம் சீக்கிரமே அகப்பட்டது. அகப்பட்ட இடங்களுக்கு நேராகக் கழுத்தின் ஓரத்தில், தீக்குச்சி முனையால் ரப்பர்ப் பால் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்தால் கடுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டுப்படும். நாலு தந்தியையும் தட்டிப் பார்த்து முடிக்க வெகு நேரம் ஆனது. அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைக் கையில் எடுத்தார். கட்டைவிரலில் அந்தச் சொட்டு தட்டுப்பட்டது.

"சீ, எங்க பாத்தாலும் பாலு! சட்டையில பாலு, சோத்துத் தட்டுல பாலு, இதுலயுமா?" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் பால் ஒட்டாத பொருள் கிடையாது. தன் கையிலிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து உருட்டி வாசலில் எறிந்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்தார். நான் விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இப்படி ஆறு சத்தமும் பதிந்து முடிந்தது.

இரத்தினபுரிக்கு என்னையும் கூட்டிப் போனார். பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது விளங்காது என்று சாக்குச் சொன்னார். மாஸ்டருக்கு பஜாரில் ரேடியோ திருத்துகிற கடை. இரண்டு முக்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார். கசெட்டைப் பெரிய ரெக்கார்டரில் போட்டார். இவர் மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியாரைப் பிள்ளை பார்க்கிற மாதிரி.

பானைச் சத்தம் வந்ததும் மாஸ்டர் தலை ஆடியது. மூன்றாவது இடத்தில் என் குரல் வந்தது. தலை நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஈயத் துளிகளும் வயர்த் துண்டுகளும் கிடந்தன. அந்த மனுஷன் பாதியில் நிறுத்தவில்லை. ஆறையும் முழுதாகக் கேட்டார். ஆறு தடவையும் நான் சொன்னதைக் கேட்டார்.

பிறகு எழுந்து, எதையோ தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நங்கி, அவருக்குத் தெரியாதா?" நங்கி என்றால் தங்கச்சி.

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா, தமிழன்னு ஒதுக்குறான்னு நெனப்பாரு. நீ சொன்னா கேப்பாரு. அந்த மெஷின விட்டு வெளிய எடு மொதல்ல." கடைசியாக "பௌ" என்றார். பாவம் என்று அர்த்தம்.

திரும்பும்போது சிரித்த முகம். இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "சத்தம் எல்லாம் அருமை மல்லி" என்று கத்தினார். என் மாதிரியே அவரும் அந்த ஒன்றைத்தான் சொன்னார்.

கடையை விட்டு இறங்கினதும் இவர் கேட்டார். "அந்தப் பக்கம் திரும்பி நின்னு என்னமோ சொன்னாரே, என்னா?"

பஜாரில் ஆட்கள் போய் வந்தபடி இருந்தார்கள். நான் அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினேன். "சொல்லி அனுப்புறாராம்!"

பஸ் வருகிற வரையில் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். "மாஸ்டர் தலை ஆடினதப் பாத்தியா புள்ள? நடுவுல தலைய ஆட்டுறத நிறுத்திட்டாரு பாரு, அசந்துட்டாரு. அவரே அசந்துட்டாரு." வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாளை என்பது ஏழு மாதம் போனது.

அந்த ஏழு மாதத்தில் ஒன்று நடந்தது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா இவரைக் கூப்பிட்டு, வாச்சர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, மேல்மலைப் பக்கம், மெஷின் சத்தம் அண்டாது, டாக்டர் துண்டும் இருக்கிறதால் கொடுக்கலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. சனி, ஞாயிறு கட்டாயம் காவலுக்கு நிற்க வேண்டும்.

இவர் வந்து என்னிடம் கேட்டார். இந்த மாதிரி விஷயங்களை என்னிடம் கேட்கிறவர்தான். "என்னா செய்யலாம் புள்ள? சனி ஞாயிறு போயிருச்சுன்னா ஹோட்டல் வேல எப்படிப் போறது? மாஸ்டர் ஆளனுப்புற நேரம் நான் காட்டுக்குள்ள நின்னா?"

நான் அடுப்பில் புகைந்த விறகை இழுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே தள்ளினேன். "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க" என்றேன்.

வாச்சர் வேலை வேறொருவருக்குப் போனது. இவர் உருளைகளின் பக்கத்திலேயே நின்றார். கோஷ்டியிலிருந்து கூப்பிட ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்து மடிப்பேன்.

எட்டாம் மாதம் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அந்தக் கசெட். கடிதம் இல்லை. மாஸ்டருக்குத் தமிழ் எழுத வராது. என்ன நினைத்து அனுப்பினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"எழுத வராதுல்ல, அதான் பேசி அனுப்பியிருப்பாரு. எந்தச் சத்தம் வேணும், எப்ப வரணும்னு."

ரெக்கார்டரை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மறுபாதி வீட்டில் அந்த வருஷம் ஒன்று வாங்கியிருந்தார்கள். இவர் கசெட்டை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தங்கச்சி, இதப் போட்டுக் கேளு. மாஸ்டர் என்னா பேசியிருக்காருன்னு எனக்குச் சத்தமா சொல்லு."

அந்தப் பெண் போட்டது. முழுக் கசெட்டையும் கேட்டது. கேட்கக் கேட்க அதன் முகத்தில் சிரிப்பு பொங்கியது.

"மாஸ்டர் எங்க பேசுறாருண்ணே! ஒரு மனுஷன் குரலும் இல்ல. நம்ம அக்கா குரல்தான் கேக்குது!" அது வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் கத்தியது. "கொஞ்சம் மேல போகணுங்க, கொஞ்சம் மேல போகணுங்கன்னு! வாயே தொறக்காத அக்கா ஒங்களுக்கே பாடம் சொல்லிக் குடுக்குது பாருங்க!"

இவர் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "எங்கெங்க சொல்லுது?"

"எல்லாத்துலயும்ணே. ஆறு தடவ."

"என்னா சொல்லுது? இன்னொரு தடவ சொல்லு."

"கொஞ்சம் மேல போகணும்னு." இப்போது அதன் சிரிப்பு குறைந்துவிட்டது. என்னைப் பார்த்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் கசெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "சரி தங்கச்சி" என்றார். வீட்டுக்கு வந்தோம். பாயில் உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் எடுத்து, மூன்றாவது இடத்தில் விரலை வைத்து, தட்டாமல் ஓர் அரிசி அகலம் மேலே நகர்த்தினார். அங்கேயே வைத்திருந்தார்.

"இங்கயா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஏன் புள்ள சத்தமா சொல்லல?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அடித்திருந்தால் அது முடிந்திருக்கும். இவர் கேட்டது கேள்விதான், பதிலுக்குக் காத்திருந்தார். சொன்னேங்க, ஒங்களுக்குத்தான் கேக்கல என்று சொல்ல முடியுமா? என் வாய் திறந்து மூடினது. இவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கிட்டாரை எஹலியகொடவில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கழுத்தில் கம்பி அடித்து விற்றதாகக் கேள்வி. வாச்சர் வேலை திரும்பக் காலியாகவில்லை. எண்பத்திரண்டுக்குள் தடித்த சத்தமும் இவருக்குப் போய்விட்டது. ஸ்டோர் மணி அடித்தால் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடுவார்.

மனிதர் கெட்டிக்காரர். மற்றவர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். கணக்கப்பிள்ளையோடு, கடைக்காரரோடு, மறுபாதி வீட்டுப் பெண்ணோடு சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். சிங்களத்தையும் உதட்டிலிருந்து படிப்பார். என் உதட்டை மட்டும் பார்க்க மாட்டார். நான் பேச வாயெடுத்தால் கண்ணைத் தட்டிலோ அடுப்பிலோ வைத்துக்கொள்வார். கோபமாக இல்லை. சாப்பாட்டில் குறை சொன்னதில்லை, ஒரு நாள் கை ஓங்கினதில்லை. மழை வருகிறதா, யாரும் கூப்பிட்டார்களா, பஸ் போய்விட்டதா என்று முன்பெல்லாம் என்னைத்தான் கேட்பார். பிறகு தானே எழுந்து போய் வாசலில் நின்று பார்ப்பார். சில நாள் இல்லாத பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

கடைசியில் இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டர். நான் குனிந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக் கேட்டேன். அவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. இவர் என்னைத் தாண்டி, மறுபக்கம் நின்ற தாதிப் பெண்ணின் வாயைப் பார்த்தார். அது சிங்களத்தில் மெதுவாக ஒரு தடவை கேட்டது. அதற்கு வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினார்.